விசில் கேட்காத இதயம்

காலையில் கண் விழித்ததும் சிலர் உள்ளங்கையைப் பார்ப்பார்கள், சிலர் சாமி படத்தைப் பார்ப்பார்கள். நான் நாடி பார்ப்பேன். பதினாறு வயதில் கோச் சார் பழக்கியது. பாயை விட்டு எழக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது. இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணி, தலைமாட்டில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் மறுவேலை. 2004-ல் நான் 800 மீட்டரில் நல்ல நிலையில் இருந்தபோது அந்த நோட்டில் 46, 47, 46 என்றுதான் இருக்கும். நேற்றுக் காலை எழுதியது 97.

46 என்னோடு கூடப் பிறந்த இதயத்தின் கணக்கு. 97 வேறொருவருடைய இதயத்தின் கணக்கு. 2019 பிப்ரவரியில் சென்னையில் எனக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. போன சனிக்கிழமை இந்த இதயத்தோடு முதல்முறையாக முழு 800 மீட்டர் ஓடினேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கொஞ்சம் பின்னாலிருந்து வந்தால்தான் சொல்ல வருவது விளங்கும்.

எங்கள் வீடு வேலூர் சேண்பாக்கத்தில். நான் ஐந்தாவது படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா பீடி சுற்றித்தான் அக்காவையும் என்னையும் வளர்த்தார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளைப் போட்டு உருட்டி, முனையை மடக்கி நூல் சுற்றும்போது எந்த விரல் என்ன செய்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது, அவ்வளவு வேகம். 25 பீடி ஒரு கட்டு. அம்மா எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை. கைக்கே தெரியும்.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில், தண்ணி இல்லாத ஆறு. அந்தத் தண்ணி இல்லாத ஆறுதான் எனக்கு மைதானம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பாலாற்றில் இறங்கினால் மணலிலேயே விருதம்பட்டுப் பக்கம் வரை போய்த் திரும்புவோம். காய்ந்த மணல் காலைச் சுலபத்தில் விடாது. ஒரு மாதம் அதில் ஓடிவிட்டு நேதாஜி மைதானத்து மண் டிராக்கில் கால் வைத்தால் தரையே நம்மைத் தூக்கிவிடுவது போல இருக்கும். அப்போதெல்லாம் வேலூர் என்றால் பளு தூக்குதல்தான். சத்துவாச்சாரியில் தெருவுக்குத் தெரு அந்தப் பேச்சு. அந்த ஊர் சதீஷ் சிவலிங்கம் பின்னால் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் தங்கம் வாங்கினார். ஓடுவதற்கு வந்தவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான்.

கோச் சார் எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்த எண் ஒன்று உண்டு: 1:45.77. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் ஸ்ரீராம் சிங் ஓடிய நேரம். முதல் சுற்றில் அவர்தான் முன்னால் போனார். கியூபாவின் ஹுவான்டொரேனா உலக சாதனையோடு ஜெயித்தார், நம் ஆள் ஏழாவதாக வந்தார். "ஏழாவது வந்தவனை எதுக்கு சார் மனப்பாடம் பண்ணணும்?" என்று ஒரு பையன் கேட்டான். "நீ அந்த ஏழாவதா வந்து காட்டுடா, உன் பேரையும் மனப்பாடம் பண்ண வெக்கிறேன்" என்றார் சார். என்னுடைய சிறந்த நேரம் 1:54.6. மாநிலப் போட்டியில் மூன்றாமிடம். அந்த மூன்றாமிடம்தான் எனக்கு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலை வரைக்கும் வழிகாட்டியது.

800 மீட்டர் ஓடியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கோட்டில் வந்து நிற்கும்போது நாம் இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைத்திருக்க மாட்டோம், ஆனால் இதயம் ஓட ஆரம்பித்திருக்கும். துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்னாலேயே அதற்குச் சங்கதி தெரிந்துவிடும். 46-ல் கிடந்தது 110, 120-க்குப் போய் நிற்கும். வயிற்றைப் பிசையும், உள்ளங்கை வேர்க்கும், காது அடைக்கும். அந்த நடுக்கத்தை நான் அப்போது வெறுத்தேன். இன்று நான் இழந்தவற்றில் மிகவும் தேடுவது அதைத்தான்.

2016 கடைசியில் ஒரு வாரக் காய்ச்சல். காய்ச்சல் விட்டது, களைப்பு விடவில்லை. பள்ளியில் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றேன். படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு கிளினிக்கில் வீசிங் என்று சொல்லி மூன்று மாதம் இன்ஹேலர் கொடுத்தார்கள். ஈ.சி.ஜி.கூட எடுக்கவில்லை. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். கால் வீங்கி, ஷூ ஏறாமல் போன பிறகுதான் எக்கோ எடுத்தோம். எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 22 என்றார்கள். இடது கீழறையில் நிறைகிற ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் நூற்றுக்கு 22 பங்குதான் வெளியே போகிறது; 55-க்கு மேல் இருக்க வேண்டியது. காய்ச்சலோடு வந்த வைரஸ் இதயத் தசையைத் தாக்கியிருக்கிறது, தசை தொய்ந்து அறை பெருத்துவிட்டது. மருந்து, உப்பில்லாத சாப்பாடு, அளந்து குடிக்கிற தண்ணீர் என்று ஒன்றரை வருஷம் தள்ளினேன். 2018-ல் எண் 18-க்கு இறங்கியது. மாற்று இதயத்துக்குப் பதிவு செய்யச் சொன்னார்கள்.

வேலூர்க்காரனுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகச் சிறுநீரக மாற்று நடந்தது 1971-ல், எங்கள் சி.எம்.சி.யில்தான். தோட்டப்பாளையத்தில் பெரியம்மா வீட்டு மாடியை வெளியூர் நோயாளிகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். நான் ஆறாவது படிக்கும்போது கிட்னி மாற்றிக்கொண்ட வங்காளத்து அண்ணன் ஒருவர் அங்கே மாதக்கணக்கில் இருந்தார். வாயில் துணி கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் சாயங்காலம் சுற்றி வருவார். ஒவ்வொரு சுற்றுக்கும் கைப்பிடிச் சுவர் மேல் ஒரு புளியங்கொட்டை வைப்பார். நான் போனால் கொட்டையை எண்ணிச் சொல்லச் சொல்வார். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது, எண்ணிக்கை மட்டும் இரண்டு பேருக்கும் தெரியும். ஒருநாள் நாற்பது கொட்டை வந்தது. அவர் என்னைத் தூக்கப் பார்த்து, தையல் நினைவு வந்து, கையை இறக்கிக்கொண்டார்.

காத்திருந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. மூன்று தலையணை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்குவேன். என் ரத்தம் ஓ பிரிவு. அந்தப் பிரிவுக்கு அதே பிரிவு இதயம்தான் வர வேண்டும் என்பதால் வரிசை நீளம். ரத்தம் பொருந்தினால் போதாது, உடல் அளவும் பொருந்த வேண்டும். 2018 ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் கோச் சார் போன் செய்தார். "டேய், ஸ்ரீராம் சிங் ரெக்கார்டு போச்சுடா!" என்றார். கவுகாத்தியில் ஜின்சன் ஜான்சன் 1:45.65. நாற்பத்திரண்டு வருஷம் நின்ற சாதனை, 0.12 விநாடியில் போயிருக்கிறது. சார் குரல் உடைந்திருந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே, மூச்சு வாங்க, நானும் அழுதேன். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை போக எனக்கு அன்று நான்கு நிமிடம் ஆனது.

முதல் அழைப்பு வந்தது அந்த டிசம்பரில். ஓடினோம். சென்னைக்குப் போய், குளிப்பாட்டி, முடியெல்லாம் மழித்துத் தயாராக்கிய பிறகு, அந்த இதயம் சரிப்படவில்லை என்றார்கள். யார் மேலும் குற்றமில்லை, இதில் அப்படி நடக்கும். திரும்பி வரும்போது யாரும் யாரோடும் பேசவில்லை.

இரண்டாவது அழைப்பு பிப்ரவரியில், இரவு பதினோரு மணிக்கு மேல். மாமா வண்டி ஓட்டினார். பின்சீட்டில் அம்மா மடியில் தலை வைத்திருந்தேன். காவேரிப்பாக்கம் தாண்டும்போது அம்மா உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்காக வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். "இன்னாம்மா?" என்றேன். "அந்தப் புள்ளையப் பெத்தவ இந்நேரம் எங்க உக்காந்துகினு இருக்காளோ கண்ணு" என்றார். ஆணா பெண்ணா, எத்தனை வயது, எந்த ஊர், எதுவும் எங்களுக்குத் தெரியாது. அம்மாவாகவே பிள்ளை என்று முடிவு செய்திருந்தார்.

மூளைச் சாவு என்று சொல்ல ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை சோதித்துப் பார்க்க வேண்டும், நான்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது 1994-ம் ஆண்டுச் சட்டம். அதை நான் பிறகு படித்தேன். அந்த ஆறு மணி நேரத்தை ஒரு குடும்பம் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கழித்திருக்கிறது. அதற்குப் பிறகு யாரோ வந்து அவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். 2008-ல் திருக்கழுக்குன்றத்துப் பையன் ஹிதேந்திரனின் பெற்றோர் இப்படிச் சரி என்று சொன்னபோது நான் பேப்பரில் படித்துவிட்டு, பெரிய மனசு என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பியவன். எடுத்த இதயம் நான்கு மணி நேரத்துக்குள் இன்னோர் உடம்பில் துடிக்கத் தொடங்க வேண்டும். நான் விநாடியின் பத்தில் ஒரு பங்குக்காக வருஷக்கணக்கில் ஓடியிருக்கிறேன். எனக்காக யாரோ அந்த நான்கு மணி நேரத்தை ஓடியிருக்கிறார்கள்.

கண் விழித்து ஒரு வாரத்துக்குள், துடிப்புக்குத் தற்காலிகமாகத் துணை வைத்திருந்த பேஸிங் வயரை எடுத்த அன்று, கழுத்தில் விரல் வைக்க இடம் தேடினேன். ஒரு பக்கம் முழுக்கப் பிளாஸ்திரி. மறுபக்கம் கிடைத்தது. எண்ணினேன். 104. பயந்து நர்ஸைக் கூப்பிட்டேன். படுத்திருக்கும்போது 104 என்றால் எனக்குத் தெரிந்த கணக்கில் அது காய்ச்சல், அல்லது போட்டி. அவர் சிரித்துவிட்டு, "இது இனிமே இப்படித்தாண்ணா. நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

விவரம் சொன்னவர் பிசியோதெரபிஸ்ட். இதயத்தை எடுத்து வைக்கும்போது ரத்தக் குழாய்களைத் தைத்து இணைத்துவிடலாம், நரம்புகளை இணைக்க முடியாது. மூளையிலிருந்து வேகத்தைக் கூட்டு என்று சொல்லும் நரம்பும் கிடையாது, குறை என்று சொல்லும் நரம்பும் கிடையாது. இதயத்துக்குள்ளேயே தாளம் போடும் இடம் ஒன்று இருப்பதால் அது தானாக அடித்துக்கொள்கிறது. குறைக்கிற நரம்பு இல்லாததால்தான் சும்மா இருக்கும்போதே நூறையொட்டி இருக்கிறது. ஓடத் தொடங்கினால் உடனே ஏறாது. அட்ரினலின் ரத்தத்தில் கலந்து, சுற்றி, இதயத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஏறும். சில நிமிடங்கள் ஆகும். நின்ற பிறகு அந்த அட்ரினலின் கரைகிற வரை இறங்காது. தந்தி போய், தபால்காரர் சைக்கிளில் வருவது போல என்று நான் புரிந்துகொண்டேன். அந்தப் பெண் இன்னும் சுலபமாகச் சொன்னார்: "விசில் ஊதினா உங்க மூளைக்குக் கேக்கும் சார். இதயத்துக்குக் கேக்காது."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உயிர் பிழைத்தவன் இதற்குப் போய் வருத்தப்படலாமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் வருத்தம் இருந்தது. இருபது வருஷம் நானும் என் இதயமும் ஒரே நேரத்தில் கிளம்பியவர்கள்.

வலியும் தெரியாது என்றார்கள். ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டாலும் மற்றவர்களுக்கு வருவது போல நெஞ்சு வலி வரும் என்று நம்ப முடியாது, அதனால்தான் குறித்த காலத்தில் ஆஞ்சியோ பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாமே மணிக்கணக்கு. காலை எட்டு, இரவு எட்டு. டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன், இன்னும் நான்கைந்து. உடம்பு இந்த இதயத்தை அந்நியன் என்று கண்டுபிடித்துத் தாக்காமல் இருக்க இந்த மாத்திரைகள், உயிருள்ளவரை. மருந்துப் பெட்டியை நிரப்புவது அம்மா. படிப்பு மூன்றாவது வரைதான். ஞாயிறு சாயங்காலம் அதே பீடி முறத்தைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு, அட்டைகளை அதில் பரப்பி, பிதுக்கி, ஏழு நாளுக்கும் இரண்டு வேளைக்கும் பதினாலு குழியில் போடுவார். மருந்தின் பெயர் தெரியாது. நிறத்தையும் அளவையும் வைத்துப் பிரிப்பார். ஒருமுறை ஒரு குழியைத் தொட்டுவிட்டு "ஒண்ணு கொறையுது" என்றார். நான் எண்ணிப் பார்த்தேன். குறைந்துதான் இருந்தது.

டாக்ரோலிமஸ் கையை நடுங்க வைத்தது. முதல் வருஷம் டம்ளரைப் பிடித்தால் காபி தளும்பும். பம்பளிமாஸ் பக்கம் போகக்கூடாது, அது அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பச்சையாக எதுவும் வேண்டாம், வெளித் தண்ணீர் வேண்டாம். ஆம்பூர் பிரியாணி சுடச்சுட இருந்தால் கொஞ்சம் சாப்பிடலாம், தயிர் வெங்காயத்தைத் தள்ளி வைத்துவிடுவேன். அம்மா வைக்கும் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு பாதியாகிவிட்டது. அதை ஈடுகட்ட அவர் புளியையும் பூண்டையும் கூட்டி ஒரு பக்குவம் கண்டுபிடித்திருக்கிறார். இப்போது வீட்டில் எல்லோருக்குமே அதுதான் பிடிக்கிறது.

மூன்றாவது மாதம் பயாப்ஸியில் உடம்பு இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியிருப்பது தெரிந்தது. கழுத்து ரத்தக் குழாய் வழியாகக் கம்பியை விட்டு, இதயத்தின் உள்ளிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பார்ப்பார்கள். மூன்று நாள் ஊசி வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். முகம் ஊதிவிட்டது. என் பழைய மாணவன் ஒருவன் பஸ் ஸ்டாண்டில் என்னைத் தாண்டிப் போய்விட்டு, நடையைப் பார்த்துத் திரும்பி வந்தான். அந்த ஊசிகளுக்குப் பிறகு இதயம் நிலைத்தது.

அதற்கடுத்த வருஷம் கொரோனா. ஊரே முகக்கவசம் போடப் பழகியபோது எனக்கு அது ஏற்கெனவே பழகியிருந்தது. வெளியே போகவே வழியில்லை. மொட்டை மாடியில் சுற்றினேன். புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டுதான் போனேன். அந்த வங்காளத்து அண்ணன் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றிலும் நினைத்துக்கொண்டேன்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்க்காத வெள்ளம். மாமா வண்டியில் காட்பாடிப் பாலத்துக்குப் போய், கூட்டமில்லாத ஓரமாக நின்று பார்த்தேன். நான் ஓடிய மணல் எங்கே என்றே தெரியவில்லை. செம்மண் நிறத்தில் கரையிலிருந்து கரைக்குத் தண்ணீர். பக்கத்தில் நின்ற அம்மா, "கோயிலுக்கு 81-ல சாமி வந்துச்சு. இப்ப ஆத்துக்குத் தண்ணி வந்துச்சு" என்றார். கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோவில் பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமல் இருந்தது. 1981 மார்ச்சில்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மாவுக்கு அப்போது இருபது, இருபத்தொன்று வயது. கூட்டத்தில் நின்று பார்த்ததை இப்போதும் சொல்வார். ஆற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் சட்டைப் பொத்தான் இருக்கும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

யாருடைய இதயம் என்று பலர் கேட்பார்கள். தெரியாது, சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெரியவர் ஒருவர், குரலைத் தாழ்த்தி, "எந்த ஆளுங்களோடதுன்னு விசாரிச்சியா?" என்றார். பந்தியில் பாதிச் சாப்பாடு. இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பெரியவர் என்றும் பார்க்கவில்லை. அன்று என் பிள்ளையைக் கட்டிப்பிடித்தபோது அடித்தது அந்த இதயம்தான். அதைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்க எப்படி வாய் வருகிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் போவதில்லை.

வருஷா வருஷம் பிப்ரவரியில் அந்தத் தேதியன்று அம்மாவும் நானும் ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குப் போவோம். முதல் தடவை அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் வழக்கம்போல, "பேரு, நட்சத்திரம்?" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்வார் என்று நினைத்தேன். "பேரு தெரியாது சாமி" என்றார். குருக்கள் புரியாமல் நின்றார். "அப்ப நட்சத்திரமாவது..." "அதுவும் தெரியாது. சாமி பேருக்கே பண்ணிடுங்க." இப்போதெல்லாம் குருக்கள் கேட்பதில்லை. தட்டை வாங்கும்போதே சாமி பெயரைச் சொல்லித் தொடங்கிவிடுகிறார்.

2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் அப்படி ஒன்றுக்குப் போனேன். எனக்குச் சம்பந்தமில்லாத சாவு. அதிகாரிகள் மாலை வைத்தார்கள். இறந்தவருடைய அம்மா திண்ணையில், மடியில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, அதன் ஓரத்து நூலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். என்ன சொல்வது? வேப்பமரத்தடியில் நின்றேன். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கும்பிட்டேன். பதிலுக்குக் கும்பிட்டார், வருகிறவர்கள் எல்லோரையும் கும்பிடுவது போல. சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஏரிஸ் மெரிட் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் 110 மீட்டர் தடை ஓட்டக்காரர், லண்டன் ஒலிம்பிக் தங்கம், 12.80 உலக சாதனை. சிறுநீரகம் செயலிழந்த நிலையில் 2015-ல் பெய்ஜிங் உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கி, நான்கே நாளில் அக்காவின் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டார். மறு வருஷம் ரியோ ஒலிம்பிக்குக்கான தேர்வில் 0.01 விநாடியில் இடம் தவறியது. மாற்று உறுப்புப் பெற்றவர்களுக்கென்று 1978-லிருந்து உலகப் போட்டியே நடக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 2023-ல் பெர்த், 2025-ல் டிரெஸ்டன். கோச் சாருக்கு எழுபது தாண்டிவிட்டது. நான் இதையெல்லாம் சொன்னதும், என் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிக்கொண்டு போய்ப் படித்தார். ஒரு வாரம் கழித்து நோட்டில் அட்டவணை போட்டுக் கொண்டுவந்தார். முதல் வரி: வார்ம்-அப் 25 நிமிடம். "முன்ன பத்து நிமிஷம் பண்ணுவ. இப்ப இருபத்தஞ்சு. அதுக்குச் சங்கதி போய்ச் சேர்ற வரைக்கும் நீ காத்திருக்கணும்டா. அவசரப்படுத்தாத" என்றார். டாக்டரிடம் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் செய்து, நடத்துங்கள் என்றார்.

அந்த அட்டவணையில்தான் மூன்று வருஷமாகப் போகிறேன். முதலில் மக்கான் நினைவுத் தூணிலிருந்து கோட்டை அகழி ஓரமாக நடை. பிறகு நூறு மீட்டர் ஓட்டம், நூறு மீட்டர் நடை. கத்திரி வெயிலில் எதுவும் கிடையாது. மற்ற நாட்களிலும் முழுக்கைச் சட்டையும் தொப்பியும்தான், இந்த மாத்திரைகளோடு வெயில் தோலுக்கு ஆகாது. காத்திருக்கப் பழகியதுதான் பெரிய வேலை. வார்ம்-அப்பில் பத்தாவது நிமிடம் வரை கால் தயாராக இருக்கும், மூச்சு தயாராக இருக்கும், இதயம் அதன் போக்கில் இருக்கும். அப்போது வேகத்தைக் கூட்டினால் தொடையில் ஈயத்தை ஊற்றியது போல கனக்கும். பன்னிரண்டு, பதிமூன்றாவது நிமிடத்தில் மெல்ல, உள்ளே யாரோ கதவைத் திறந்தது போல இளகும். அந்த இடத்தை இப்போது எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அது வரும்போது மனதுக்குள் வா என்று சொல்லுவேன். யாரைச் சொல்கிறேன் என்று தெரியாது.

சனிக்கிழமை காலை ஆறு மணி, எங்கள் பள்ளி மைதானம். சார் டி.வி.எஸ். வண்டியில் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையில் ஸ்டாப்வாட்ச். 200 மீட்டர் டிராக், நான்கு சுற்று. 25 நிமிடம் வார்ம்-அப் முடித்துக் கோட்டில் நின்றேன். கழுத்தில் விரல் வைத்தேன். 122. பழைய நாட்களில் கோட்டில் நிற்கும்போது இருந்த அதே எண். அது பயத்தால் வந்தது, இது நடந்து நடந்து சேர்த்தது.

முதல் சுற்று முழுக்க என்னைப் பிடித்து வைத்துக்கொண்டேன். இரண்டாவதில் சார் எழுந்து நின்றுவிட்டார். மூன்றாவது சுற்றின் வளைவில் மூச்சு சீராக விழுந்தது, கை தானாக ஆடியது. கொஞ்ச தூரம், அறுபது எழுபது மீட்டர் இருக்கும், நானும் அதுவும் ஒன்றாகப் போனோம். கடைசிச் சுற்றில் கால் தளர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. 4 நிமிடம் 51 விநாடி. சார் வந்து ஒன்றும் சொல்லாமல் ஸ்டாப்வாட்சை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார்.

நான் சுவரோரம் உட்கார்ந்தேன். பையனுக்கு நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஓடி முடித்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும், நல்ல ஓட்டக்காரனுக்கு மளமளவென்று இறங்கும் என்றும் சொல்லியிருந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். ஒரு நிமிடம். மறுபடி எண்ணினான். மூன்று நிமிடம் ஆனது. தப்பாக எண்ணுகிறோமோ என்று சந்தேகப்பட்டு விரலை மாற்றி வைத்துப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"சார், நீங்க நின்னுட்டீங்க. இது இன்னும் ஓடிக்கினே இருக்குது சார்."

"ஓடட்டும்டா" என்றேன். "எண்ணிக்கினே இரு."

எட்டு மணி மாத்திரைக்கு இன்னும் நேரம் இருந்தது.